நான்கு விரல் அளவு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, விடுதி மெஸ்ஸைப் பற்றியும் கடைசி பெஞ்சைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே அந்த வேலையை அவர்களுக்கு விட்டுவிட்டு, நான் ஒரு சரித்திரம் சொல்லப் போகிறேன். இது ராஜாக்களின் சரித்திரம் அல்ல. நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும் கல்லீரலின் சரித்திரம்.

இதில் எனக்கு அக்கறை வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு, விடுதியில் என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்த நண்பன் போன் செய்தான். பெயர் போட வேண்டாம் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதற்கு முந்தின நாள்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவன் குரலே சரியில்லை.

"டேய், பாப்பாவுக்கு டவுன் சின்ட்ரோம்னு சொல்றாங்கடா. சரி, நம்ம குழந்தை, வளர்த்துக்கலாம்னு நானும் அவளும் மனசைத் தேத்திக்கிட்டோம். இன்னிக்குக் காலையில டாக்டரம்மா வந்து வயித்துல கை வெச்சுப் பார்த்தாங்க. கல்லீரல் நாலு விரல் இறங்கியிருக்குன்னாங்க. உடனே ரத்தம் எடுத்தாங்க. லுக்கீமியா அணு மாதிரி இருக்காம். பிறந்து ரெண்டு நாள்கூட ஆகலடா!"

வீட்டுப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்களாம். "கடவுள் விட்ட வழி. பச்சைக் குழந்தையை ஊசி குத்திப் பாடுபடுத்த வேண்டாம்" என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பயந்துபோனவர்கள், அவ்வளவுதான். கடைசியில் அவன் என்னிடம் கேட்டது இது: "நாலு விரல்னா என்னடா அர்த்தம்? நீதானே மீட்டரு, கேஜுன்னு மாரடிக்கிறவன். படிச்சுப் பார்த்துச் சொல்லேன்."

நான் டாக்டர் இல்லை. ஆலையில் அழுத்தமானிகளையும் மட்டமானிகளையும் கட்டி மேய்க்கிற ஆசாமி. ஆனாலும் ஒரு கருவி காட்டுகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன், இருநூற்று ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

பீப்பாயைத் தட்டியவர் மகன்

உடம்பைத் திறக்காமல் உள்ளே இருப்பதை அளப்பது எப்படி? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவர் ஒருவரின் மகன் லியோபோல்டு ஆவன்புருகர். பீப்பாயை விரலால் தட்டி, ஓசை மாறுகிற இடத்தை வைத்து உள்ளே திராட்சை மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை அவர் சின்ன வயதில் பார்த்திருந்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் வியன்னாவில் டாக்டரானபோது அதே வித்தையை நோயாளியின் மார்பில் செய்து பார்த்தார். 1761-இல் புத்தகமாகவும் எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808-இல் நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமே ஆவன்புருகர் காலமானார்.

தட்டிப் பார்ப்பதும் தடவிப் பார்ப்பதும் சேர்ந்து டாக்டரின் கையை ஓர் அளவுகருவி ஆக்கின. விலா எலும்பின் ஓரத்திலிருந்து கல்லீரலின் விளிம்பு எத்தனை விரல் கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் அதன் அலகு. செலவில்லாத கருவி, கரண்ட்டும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்குக் கல்லீரல் இயல்பாகவே ஒரு விரல் அளவு கைக்குத் தட்டுப்படும். அதைத் தாண்டி நாலு விரல் என்றால்தான் கவலை.

வெள்ளை ரத்தம்

லுக்கீமியாவின் சரித்திரமே வயிற்று வீக்கத்தில்தான் தொடங்குகிறது. 1845 மார்ச் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் பென்னெட் என்ற டாக்டர், கூரைக்குக் கற்பலகை வேய்கிற 28 வயதுத் தொழிலாளி ஒருவரின் சடலத்தைப் பரிசோதித்தார். வயிற்றின் இடது பக்கம் பெரிய கட்டியோடு வந்தவர் அவர். திறந்து பார்த்தால் மண்ணீரலும் கல்லீரலும் பல பவுண்டு எடைக்கு ஊதிப்போயிருந்தன. ரத்தத்தில் நிறமில்லாத அணுக்கள் நிரம்பி வழிந்தன. ரத்தமே சீழ் பிடித்துவிட்டது என்று பென்னெட் முடிவு கட்டினார்.

அதே வருஷம் பெர்லினில் ருடால்ப் விர்ஷோ என்ற 24 வயது இளைஞர் இதேபோன்ற இன்னொரு நோயாளியைப் பார்த்தார். அவர் ஜாக்கிரதையானவர். காரணம் தெரியாதபோது காரணம் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பெயராக வைத்தார்: 'வெள்ளை ரத்தம்.' 1847-இல் அதையே கிரேக்கத்தில் மாற்றி 'லுக்கீமியா' என்றார். அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அன்றைக்கு ஊதிய வயிறுதான் நோய்க்கு அடையாளம். பார்க்க முடிந்தது அது ஒன்றுதான். எவ்வளவு ஊதியிருந்தாலும் முடிவு என்னவோ ஒன்றே. எல்லாப் பாதையும் ஒரே சுடுகாட்டுக்குப் போகிறபோது, மைல்கல்லில் எண் எழுதி என்ன பிரயோஜனம்?

ரத்தம் பிறக்கும் இடம்

ரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்ற அடிப்படை விஷயமே 1868 வரை தெளிவாகத் தெரியாது. கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்பவர் எலும்பைப் பிழிந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, ரத்த அணுக்களின் பிறந்த வீடு அதுதான் என்று அறிவித்தார். மஜ்ஜைக்குக் கிரேக்க மொழியில் 'மைலாஸ்'. அதிலிருந்து வந்ததுதான் 'மைலாய்டு' என்ற சொல். லுக்கீமியாவில் நிணநீர் அணுக்களின் வம்சத்தைச் சேர்ந்தது ஒரு வகை, மற்ற ரத்த அணுக்களின் வம்சத்தைச் சேர்ந்த மைலாய்டு இன்னொரு வகை. குழந்தைகளுக்கு அதிகமாக வருவது முதல் வகை. அடக்கச் சிரமமானது இரண்டாவது வகை.

ஆனால் மஜ்ஜை நமக்குப் பிறந்த வீடு என்றால், அதற்கு முன்பு ஒரு பாட்டி வீடு இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் எலும்புக்குள் மஜ்ஜை தயாராக நாளாகும். சுமார் ஆறாவது வாரத்திலிருந்து ரத்தம் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை கல்லீரல்தான். கடைசி மூன்று மாதங்களில்தான் வேலை மெல்ல மெல்ல மஜ்ஜைக்கு ஷிப்ட் ஆகிறது. பிறக்கும் சமயத்தில் கல்லீரல் அந்தத் தொழிலை ஏறக்குறைய மூடிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து பாஸ்டன்

சரித்திரத்தின் முதல் திருப்பத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் வருகிறார். பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். அமெரிக்கா போய் ஹார்வர்டில் வேலை பார்த்து, பிறகு லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அங்கே அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் லுக்கீமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்த அறிக்கை வெளிவந்தது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அந்தக் குழந்தைகளுக்கு நோய் சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது உண்மை. இருந்தாலும் கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும் சுருங்கி விலா எலும்புக்கு அடியில் மறைந்தன. மைல்கல்லில் எண் எழுதுவதற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக அர்த்தம் வந்தது எனலாம். கல்லீரல் இறங்குவது மட்டுமல்ல, ஏறவும் செய்யும் என்று தெரிந்துவிட்டதே!

கடற்பஞ்சும் கோட்டை மண்ணும்

சுப்பாராவின் மருந்து நிணநீர் வகைக்கு நல்ல தொடக்கம். மைலாய்டு வகை அதற்கு மசியவில்லை. அதற்கான மருந்துகள் வேறு திசையிலிருந்து வந்தன. புளோரிடாக் கடற்கரையில் கிடைத்த ஒரு கடற்பஞ்சில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியல் அறிஞர் விநோதமான சில சேர்மங்களைக் கண்டார். மரபணுவைக் கட்டும் செங்கல்லைப் போலவே இருக்கும், ஆனால் அச்சு அசல் அதுவல்ல. அந்த வழியைப் பின்பற்றி 1959-இல் கலிபோர்னியாவில் பெர்க்லியில் சைட்டரபின் என்ற மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். பெருகத் துடிக்கிற அணு, ஏமாந்துபோய் இந்தப் போலிச் செங்கல்லை எடுத்து வைத்துக் கட்டும். அத்தோடு கட்டடம் நின்றுவிடும்.

இரண்டாவது மருந்து டானோரூபிசின். இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர் தந்த செந்நிறப் பொருள். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். சைட்டரபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்ற சேர்க்கை 1973-இல் வெளிவந்தது. மைலாய்டு லுக்கீமியா சிகிச்சையின் முதுகெலும்பு இன்றும் இந்த இரண்டு மருந்துகள்தான்.

பிழைப்பவர்கள், பிழைக்காதவர்கள் என்று இரண்டு கூட்டம் உண்டான பிறகுதான் 'யார் பிழைப்பார்' என்ற கணக்கு பிறந்தது. டாக்டர்கள் அட்டவணை போட ஆரம்பித்தார்கள். வயது, வெள்ளணு எண்ணிக்கை, கல்லீரல் எத்தனை விரல், மண்ணீரல் எத்தனை விரல் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அதே 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, மைலாய்டு லுக்கீமியாவில் 8-ஆம் 21-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைக் கண்டுபிடித்தார். நோயின் வேரையே படம் பிடிக்க முடிந்தபோது, வயிற்றைத் தடவிச் சொல்கிற கணக்கு மெதுவாக அட்டவணையின் அடிக்குப் போய்விட்டது. மரபணு மாற்றம் என்ன, முதல் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நோயணு மிச்சம் இருக்கிறது என்பவையே இன்றைக்கு முக்கியமான கேள்விகள்.

எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். நல்ல டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு பழைய கண்ணாடிக் குழாயை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான் உண்மையைச் சொல்லும். என் நண்பன் மகளின் நோய் அந்தத் தொட்டியைப் போன்றது.

கணக்கில் வராத குழந்தைகள்

இங்கிலாந்தில் எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் டாக்டர் ஜான் லாங்டன் டவுன், 1866-இல் இந்தக் குழந்தைகளின் முகஜாடையையும் குணத்தையும் வர்ணித்து எழுதினார். 1959-இல் பாரிசில் லெஜூன், மார்த் கோத்தியே, டுர்பான் ஆகியோர் காரணத்தை வெளியிட்டார்கள்: 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அவ்வளவுதான் விஷயம்.

இவர்களுக்கு லுக்கீமியாவும் வரக்கூடும் என்று 1930-லேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் செய்தி வந்தது. 1957-இல் கிரிவிட், குட் என்ற இருவர் அமெரிக்கா முழுவதும் விவரம் திரட்டி, இது தற்செயல் அல்ல என்று காட்டினார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இன்னொரு அதிசயமும் பதிவாயிற்று. லுக்கீமியாவோடு பிறந்த டவுன் குழந்தைகள் சிலருக்கு, ஒரு மருந்தும் கொடுக்காமலே சில வாரங்களில் நோய் தானாக மறைந்துபோனது! மருத்துவ உலகம் தலையைச் சொறிந்துகொண்டு அதற்குத் 'தற்காலிக' நோய் என்று பெயர் வைத்தது.

ஆனால் அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் மெய்யான மைலாய்டு லுக்கீமியா வந்தது. அப்போது என்ன செய்தார்கள்? பல இடங்களில் ஒன்றும் செய்யவில்லை, அல்லது அரைகுறையாகச் செய்தார்கள். "இந்தக் குழந்தை கடுமையான மருந்தைத் தாங்காது", "தாங்கினாலும் எதற்கு?" என்ற இரண்டு எண்ணங்களும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. மருந்து ஆராய்ச்சிகளில் இவர்களைச் சேர்ப்பதும் குறைவு.

இது லுக்கீமியாவுக்கு மட்டும் நேர்ந்த புறக்கணிப்பு இல்லை. 1982 ஏப்ரலில் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில், உணவுக்குழாய் அடைப்போடு ஒரு டவுன் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்து சரிசெய்யக்கூடிய குறை. பெற்றோர் வேண்டாம் என்றார்கள், கோர்ட்டும் தடுக்கவில்லை. ஆறு நாளில் குழந்தை இறந்துவிட்டது. 'பேபி டோ' என்ற பெயரில் அந்த வழக்கு நாட்டையே உலுக்கி, 1984-இல் சட்டத்தையே திருத்த வைத்தது. நண்பன் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் புளூமிங்டனில் நடந்ததும் ஒன்றேதான் என்று படித்தபோது எனக்கு உறைத்தது.

இந்த இடத்தில் இன்ஜினியர் புத்தி ஒன்று சொல்கிறது. சிகிச்சை தராத குழந்தைகள் பிழைக்கவில்லை. அவர்கள் பிழைக்காததைக் காட்டி, 'இவர்களுக்குப் பலன் இருக்காது' என்று சிகிச்சை தரப்படவில்லை. வால்வை மூடி வைத்துவிட்டு 'ஓட்டம் பூஜ்யம்' என்று ரீடிங் எடுத்த கதை இது. அந்த பூஜ்யம் குழாயைப் பற்றிச் சொல்வது ஒன்றுமில்லை. வால்வை மூடியவரைப் பற்றித்தான் அது சொல்கிறது.

வால்வைத் திறந்தபோது

எண்பதுகளில் அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழு ஒன்று, சைட்டரபினைப் பெரிய அளவில் தருகிற ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் டவுன் குழந்தைகள் சிலரும் மற்றவர்களோடு சமமாகச் சேர்ந்திருந்தார்கள். டெட்ராய்ட்டின் டாக்டர் ரவீந்திரநாத்தும் அவர் சகாக்களும் 1992-இல் முடிவை வெளியிட்டபோது, படித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். டவுன் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட மோசமாக இருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்பு? நேர்மாறாக, மற்றவர்களைவிட மிக நன்றாகப் பிழைத்திருந்தார்கள். தேறாது என்று ஒதுக்கிய கூட்டம்தான் வகுப்பிலேயே முதல் ரேங்க்!

காரணமும் பிறகு புரிந்தது. 2002-இல் கிறிஸ்பினோ குழுவினர் இந்தக் குழந்தைகளின் லுக்கீமியா அணுக்களில் காட்டா-1 என்ற மரபணு குறைபட்டிருப்பதைக் கண்டார்கள். அடுத்த வருஷமே, பிறக்கும்போது வரும் தற்காலிக நோயிலும் அதே குறை இருப்பது தெரிந்தது. குறைபட்ட காட்டா-1 உள்ள அணுவில் சைட்டரபினைச் சிதைக்கும் நொதி குறைவு. கூடுதலாக இருக்கும் 21-ஆம் குரோமோசோமோ, அந்த மருந்து அணுவுக்குள் அதிகமாக வேலை செய்ய உதவுகிறது. நோயைக் கொண்டுவந்த அதே குரோமோசோம்தான் மருந்துக்குக் கதவையும் திறந்துவிடுகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு மருந்து அதிகம் வேண்டாம், குறைத்தே கொடுக்கலாம் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 2007-இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு ஒன்றில் டானோரூபிசினைக் கால் பங்கு குறைத்தும், ஐந்து வருஷத்துக்குப் பின் 100-க்கு 93 குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள். மற்றக் குழந்தைகளின் மைலாய்டு லுக்கீமியாவில் இன்றும் அது ஏறக்குறைய 65 முதல் 70 தான்.

மீண்டும் கல்லீரல்

சரி, நாலு விரலுக்கு வருகிறேன். பாட்டி வீட்டை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? காட்டா-1 குறை சிசு வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிறது. அப்போது ரத்தத் தொழிற்சாலை கல்லீரல். ஆகவே இந்த நோய் பிறப்பது மஜ்ஜையில் அல்ல, கல்லீரலில். பிறந்த பிறகு கல்லீரல் அந்தத் தொழிலை மூடிவிடுவதால், ஆதரவு இழந்த நோயணுக்கள் தாமாக மறைகின்றன என்று கருதுகிறார்கள். எலும்பில் உள்ளதைவிட ரத்தத்தில் நோயணு அதிகமாக இருக்கும் விசித்திரத்துக்கும் இதுவே விளக்கம்.

ஆனால் சில குழந்தைகளிடம் அந்த அணுக்கள் போகிற போக்கில் கல்லீரலைக் கெடுத்துவிடுகின்றன. அவை விடுகிற பொருட்களால் கல்லீரல் நாராகித் தழும்பேறுகிறது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், மூச்சுத் திணறல் என்று ஆபத்து வளர்கிறது.

2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இப்படிப் பிறந்த 135 குழந்தைகளை வரிசையாகக் கண்காணித்தது. அவர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்க உதவியது மரபணு இயந்திரம் அல்ல, டாக்டரின் கை. கல்லீரல் வீக்கமும் இல்லை, உயிருக்கு ஆபத்தான அறிகுறியும் இல்லை என்ற முதல் கூட்டத்தில் 100-க்கு 92 பேர் பிழைத்தார்கள். கல்லீரல் வீக்கம் மட்டும் இருந்த இரண்டாவது கூட்டத்தில் 77 பேர். வீக்கமும் ஆபத்தான அறிகுறிகளும் சேர்ந்திருந்த மூன்றாவது கூட்டத்தில் 51 பேர்.

ரீடிங்கை அப்படியே நம்பிவிடக் கூடாது, எதை அளந்தது என்று பார்க்க வேண்டும். மொத்தத்தில் 100-க்கு 21 குழந்தைகள் இறந்தார்கள். அதில் இந்த ரத்த நோயே காரணம் என்று சொல்லக்கூடியவை 10 மட்டுமே. ஆக, இரண்டாவது கூட்டத்தின் 77 என்ற எண் லுக்கீமியாவை மட்டும் காட்டவில்லை. சும்மா கண்காணிப்பில் வைத்திருந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு 36 நாளுக்குள் ரத்தம் சுத்தமாகிவிட்டது. மெய்யான லுக்கீமியா பிறகு வந்தது 100-க்கு 16 பேருக்கு. வந்த கடைசிக் குழந்தைக்கும் மூன்று வயதுக்குள் வந்துவிட்டது. ஆபத்தான அறிகுறி உள்ளவர்களுக்கோ, அதே கடற்பஞ்சு மருந்தைச் சொற்ப அளவில் சில நாள் கொடுத்தால் கல்லீரலைக் காப்பாற்ற முடிகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. பின்னால் வரக்கூடிய லுக்கீமியாவை அது தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவு இரண்டு மணிக்கு நண்பனைக் கூப்பிட்டேன். "நாலு விரல்னா 'விட்டுடு'ன்னு அர்த்தம் இல்லடா. 'கண்ணை எடுக்காதே'ன்னு அர்த்தம். மூச்சு எப்படி இருக்கு, மஞ்சள் ஏறுதா, வயித்துல தண்ணி சேருதா, இதைத்தான் டாக்டரம்மாகிட்ட கேளு. மருந்து வேணும்னா கொடுக்கச் சொல்லு. வேண்டாம்னா சும்மா பார்த்துக்கிட்டிருக்கறதே வைத்தியம்தான்." காலையில் அவன் கேட்டபோது, டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாராம். அவருக்குத் தெரியாததை நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. பயத்தில் அவன் காதில் முதல் தடவை விழவில்லை, அவ்வளவே.

கடைசியாக

1845-இல் ஊதிய கல்லீரல் நோய்க்கு ஓர் அடையாளம். 1948-க்கு முன்பு அது மரணச் சீட்டு. மரபணு யுகத்தில் அது அட்டவணையின் அடியில் ஒரு வரி. 2011-இல், ஒரே ஒரு கூட்டத்துக் குழந்தைகளுக்கு மட்டும், அதுவே முதல் வரி. கல்லீரல் மாறவில்லை. அதைத் தொட்டுப் பார்த்த கைக்குப் பின்னால் என்ன மருந்து இருந்தது, என்ன மனசு இருந்தது என்பதுதான் மாறியிருக்கிறது. 'பிழைப்பார்கள்', 'பிழைக்க மாட்டார்கள்' என்று யாராவது நூற்றுக்கணக்கு சொன்னால், அந்த நூறில் யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டதில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான்.

நம் வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ டவுன் குழந்தை பிறந்தால், முதல் சில நாட்களுக்குள் ரத்த அணுக்களை எண்ணி, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை. தற்காலிக நோய் இருந்தது என்று தெரிந்துவிட்டால், நாலு வயது வரை அவ்வப்போது ரத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. வந்தாலும் அது வெல்லக்கூடிய நோய் என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நிதானமாகச் சொன்னால் கேட்பார்கள். நண்பன் வீட்டில் கேட்டார்கள். "ஊசி வேண்டாம்" என்ற பாட்டிதான் பிறகு ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவர்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து தேவைப்படவில்லை. இரண்டாவது மாதத்தில் ரத்தம் சுத்தமாயிற்று, கல்லீரல் ஏறி விலா எலும்புக்குள் ஒளிந்துகொண்டது. இப்போது ஐந்து வயது. பேச்சு கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது, பிடிவாதம் அப்பனைப் போலவே. போன முறை டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தபோது, கூச்சம் தாங்காமல் கட்டிலே அதிரச் சிரித்தாளாம். இந்த ஆண்டு கூட்டத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். அனைவரும் வாருங்கள், சந்திப்போம்.